கொண்டுபோக முடியாததைத் தின்று தீர்த்த வருஷம்

நாவலப்பிட்டியைத் தாண்டியதும் ரயிலின் ஓட்டம் நடையாகிவிடுகிறது. அதுவரை வயலும் தென்னையுமாக வந்துகொண்டிருந்த சன்னலில் மலை வந்து முட்டுகிறது. கலபொட, வட்டவளை, ரொசல்லை என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் குளிர் ஏற ஏற, பெட்டிக்குள் இருப்பவர்கள் பையைத் திறந்து ஸ்வெட்டரைத் தேடுகிறார்கள். கதவோரம் வெளிநாட்டுப் பயணிகள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கூடைக்காரர் ஒருவர் பருப்பு வடையையும் வறுத்த மிளகாயையும் பழைய அப்பியாசக் கொப்பித் தாளில் சுற்றித் தருகிறார். எங்களுக்கு வந்த தாளில் யாரோ ஒரு பிள்ளை போட்ட கூட்டல் கணக்கு. டீச்சர் சிவப்பு மையில் ஐந்துக்கு நான்கு கொடுத்திருந்தார்.

இந்தப் பாதையை வெள்ளைக்காரன் கோப்பியை இறக்கத்தான் போட்டான். 1874 இல் நாவலப்பிட்டி, 1884 இல் ஹட்டன், 1885 இல் நானுஓயா என்று தண்டவாளம் மலையேறி முடிப்பதற்குள் இலைநோய் வந்து கோப்பி அழிந்துபோனது. 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் நட்ட தேயிலைதான் பிறகு மலையெல்லாம் பரவி இந்த வண்டிகளில் இறங்கியது. சனத்தின் வாழ்க்கையும் அதோடு மாறியது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில் மட்டும் ஆள் இருந்தால் போதும். பறித்து முடித்து ஊருக்குத் திரும்பிவிடலாம். தேயிலை அப்படி விடாது. வாரத்துக்கு ஒரு தரமாவது ஒவ்வொரு செடிக்கும் கை போக வேண்டும். வந்துபோய்க்கொண்டிருந்தவர்கள் குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள். துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் ஆட்களும் அப்படித்தான் தங்கினார்கள்.

என் எதிரே உட்கார்ந்து வடையைப் பிட்டுக்கொண்டிருப்பவள் சித்தப்பா மகள். என்னைவிடச் சில மாதமே இளையவள் என்றாலும் இன்றுவரை "அண்ணே"தான். கோத்தகிரியிலிருந்து வந்திருக்கிறாள். 1977 கடைசியில் இதே பாதையில் கீழே இறங்கிப் போனவள், இப்போதுதான் முதல் தடவையாக மேலே ஏறுகிறாள். இருவரும் அறுபதை நெருங்குகிறோம். கொழும்பிலிருந்து புறப்பட்டதிலிருந்து எங்கள் பேச்சு அந்த ஒரு வருஷத்தைச் சுற்றியே வருகிறது.

"வயிறு நெறையச் சாப்பிட்டது அந்த வருஷந்தாண்ணே. அதுக்கு முன்னாடி வருஷமெல்லாம் எனக்குச் சரியா ஞாபகமே இல்ல" என்றாள்.

அதற்கு முந்தைய வருஷங்களை மறப்பதில் நியாயம் இருக்கிறது. 1973, 74 இல் மாவும் அரிசியும் தட்டுப்பாடு. தோட்டத்துச் சனம் வேளைக்கு ஒரு ரொட்டி தட்டித் தின்று மலைக்குப் போய் வந்தவர்கள். கோதுமை மா இல்லாவிட்டால் அடுப்புக்கே வேலை இல்லை. மரவள்ளியும் கீரையுமாக அந்த நாட்கள் கழிந்தன. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்க் கையேந்தியவர்கள் உண்டு. அதோடு ஒப்பிட்டால் 1977 எங்களுக்குத் திருவிழா. கோழிக் குழம்பு, முட்டை, பால், ஆளுக்கு ஒரு புதுச் சட்டை, ஒரு போட்டோ. அந்தச் செழிப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. எந்தப் பிள்ளை யோசிக்கும்?

ஹட்டனில் வண்டி சற்று நேரம் நிற்கிறது. மேட்டில் கடைகள், வெற்றிலைக் கூறு, பள்ளிக்கூடப் பிள்ளைகள், தோளில் துண்டுடன் சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள். தங்கச்சி பிளாட்பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க தலவாக்கலையில ஏறினப்ப அழுகை இருந்துச்சு. ஆனா இங்க வந்தப்பதான் சத்தம். ஒவ்வொரு பொட்டிக்கும் கீழ ஒரு கூட்டம் மாரடிச்சுக்கிட்டு நின்னுச்சு."

இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். 1964 அக்டோபர் 30 ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை கொடுக்கும் என்றது. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவைத்தார்கள். 1974 இல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பங்கு போட்டு முடித்தார்கள். எங்கள் வீட்டில் இந்தக் கணக்கு இப்படி வந்து விழுந்தது: சித்தப்பாவுக்கும் அப்பாயிக்கும் இந்தியா. மாமா வழியில் அத்தைக்கு இலங்கை. என் அப்பாவுக்கு எதுவும் வரவில்லை. ஒரே லயத்தில் அடுத்தடுத்த மூன்று காம்பராவில் இந்தியர், இலங்கையர், நாடற்றவர் என்று மூன்று சாதி. மூன்று வீட்டுக் குடமும் ஒரே பீலியில்தான் நிறைந்தது.

ஹட்டனை விட்டதும் சிங்கமலைக் குகை வருகிறது. இலங்கை ரயில் பாதையிலேயே நீளமான சுரங்கம். அரைக் கிலோமீற்றருக்கும் மேல். வண்டி உள்ளே நுழைந்ததும் வாலிபப் பையன்கள் எல்லோருமாகச் சேர்ந்து 'ஹூ' என்று கத்தினார்கள். இந்த நாட்டில் குகைக்குள் கத்தாமல் ரயில் போனதாகச் சரித்திரம் இல்லை. அன்றைக்கும் யாரோ கத்தினார்களாம், அப்பாயி மட்டும் கந்தசஷ்டி சொல்லிக்கொண்டிருந்தாளாம். தங்கச்சி இதைச் சொல்லிவிட்டுத் தானும் ஒரு 'ஹூ' போட்டாள். எதிர் சீட்டிலிருந்த சிங்கள அம்மா சிரித்துவிட்டுக் கைப்பையிலிருந்து டொபி எடுத்துக் கொடுத்தார்.

கொட்டகலைக்கு அப்பால் இடது பக்கமும் வலது பக்கமும் மாறி மாறித் தேயிலை. பச்சை விரிப்புக்கு நடுவே தகரக் கூரை லயங்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. சென்கிளயார் நீர்வீழ்ச்சியைக் காட்டினேன். அகலமாக, படி படியாக இறங்கும் அருவி. பத்து வயதில் அதன் இரைச்சல் ரயிலுக்குள் கேட்கும். 2012 இல் மேல் கொத்மலை மின்நிலையம் வேலை செய்யத் தொடங்கிய பிறகு தண்ணீரை அளந்து நேரம் பார்த்துத்தான் விடுகிறார்கள். நாங்கள் கடந்தபோது பாறைமேல் சில வெள்ளைக் கோடுகள் இருந்தன.

அந்தப் பக்கத்தில்தான் டெவன் தோட்டம். 1977 மே மாதம் 11 ஆம் திகதி அங்கே சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை அரசாங்கம் பிரித்துக் கொடுக்கப் போகிறது, காணி போனால் வேலையும் லயமும் போகும் என்று தொழிலாளர்கள் எதிர்த்து நின்ற நேரம். செய்தி தெரிந்ததும் எங்கள் தோட்டத்தில் யாரும் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குப் போகவில்லை. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலையின் ரோதை நின்றது. மே என்றால் கொழுந்து பொங்கும் மாதம். அப்பாவுக்கு ஸ்டோரில் இராத்திரி வேலை ஓயாது. பகலில் புருவத்தில் தூள் படிந்தபடி தூங்குகிற அப்பாவைத்தான் எங்களுக்குத் தெரியும். அந்த வேலைநிறுத்தத்தின்போது அவர் விழித்திருந்தார். மூங்கில் சீவி எனக்கும் தங்கச்சிக்கும் ஆளுக்கு ஒரு காற்றாடி செய்து தந்தார். பெரியவர்கள் இஸ்தோப்பில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருக்க, நாங்கள் கான் ஓரமாகக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு ஓடினோம். மே மாதம் என்றால் எனக்கு அதுதான் ஞாபகம்.

தலவாக்கலையில் நீர்த்தேக்கம் புதிது. டவுனும் பாதி புதிது. ஆனால் இந்த ஊரின் பெயர் மலையகச் சரித்திரத்தில் பழையது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். தலவாக்கலைக்கு சி.வி.வேலுப்பிள்ளை. மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்து வாய்ப்பாடல்களைத் தேடித் தொகுத்த எழுத்தாளர் அவர். அடுத்த வருஷமே, 1948 இல், 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. வாக்களித்த சனம் நாடற்ற சனமானது. அதற்குப் பிறகு தோட்டத்துச் சனத்தின் வாக்கில் ஒருவர் பாராளுமன்றம் போக முப்பது வருஷம் ஆயிற்று. 1977 ஜூலை 21 இல், மூன்று பேரைத் தெரிவு செய்யும் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் மூன்றாமவராக வந்தார். அன்று இரவு எங்கள் தோட்டத்தில் தப்புச் சத்தம் விடியும்வரை ஓயவில்லை. வாக்கு இருந்தது மாமாவுக்கும் அத்தைக்கும்தான். ஆனால் அதிகமாக ஆடியவர் இந்தியாவுக்குப் போகப் பாஸ்போர்ட் வாங்கி வைத்திருந்த சித்தப்பா.

நானுஓயாவில் இறங்கி நுவரெலியாவுக்கு ஏறினோம். ஒரு காலத்தில் இந்த ஏற்றத்திலும் ஒரு சின்ன ரயில் நுவரெலியா வழியாக ராகலைவரை ஓடியது. 1948 இல் நிறுத்திவிட்டார்கள். நுவரெலியா தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு தனி நாடு. செங்கல் தபாற்கந்தோர், குதிரைப் பந்தயத் திடல், கிரகரி வாவி, பூ வைத்த சன்னல்கள். வெள்ளைக்காரன் தன் ஊரை நினைத்துக் கட்டிய ஊர். ஏப்ரல் சீசனுக்குக் கொழும்புப் பணக்காரர்கள் வந்து இறங்குவார்கள். நாங்கள் இலைக்கறியும் லீக்ஸும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு சந்தைக்கு வருகிறவர்களோடு லொறியில் தொற்றிக்கொண்டு வந்தால்தான் உண்டு.

1977 ஏப்ரலில் மட்டும் பஸ்ஸில் வந்தோம், அதுவும் எல்லோருமாக. பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்குக் குடும்பப் படம் வேண்டும். சித்தப்பா வீட்டார் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி ஸ்டூடியோவுக்குள் போனார்கள். விண்ணப்பத்தில் பெயர் உள்ளவர்கள் மட்டும் படத்தில் இருக்கலாம். என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். திரைக்குப் பின்னால் தங்கச்சியின் சிரிப்புச் சத்தம் கேட்க, நான் அழுத அழுகையில் போட்டோகாரரே வெளியே வந்துவிட்டார். சித்தப்பா சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னொரு படம் எடுங்க. எல்லாரும் உள்ள வாங்க" என்றார். அப்பா அம்மா, அத்தை மாமா, அப்பாயி, பிள்ளைகள் அத்தனை பேரும் மலையும் ஏரியும் வரைந்த திரைக்கு முன்னால் நெருக்கி நின்றோம். எங்கள் குடும்பம் மொத்தமாக உள்ள ஒரே படம் அது. கண் வீங்கிய முகத்தோடு முன்வரிசையில் நான்.

ஸ்டூடியோ இருந்த இடத்தைத் தேடிப் பார்த்தோம். தெருவில் இப்போது கைபேசிக் கடைகளும் ஸ்வெட்டர்க் கடைகளும். தங்கச்சி ஸ்ட்ரோபரி வாங்கினாள், புளிக்கிறது என்று என்னிடம் தள்ளிவிட்டாள்.

நுவரெலியாவிலிருந்து திரும்பி, ரதல்லை வளைவுகளில் இறங்கி, லிந்துலைப் பக்கம் உள்ள எங்கள் தோட்டத்துக்கு வந்தோம். சந்தியில் ரோதைமுனி கோயில் அப்படியே இருக்கிறது. ஸ்டோரின் இயந்திரச் சக்கரம் ஆளை இழுத்துவிடாமல் காக்க வைத்த சாமி. மதுரை வீரனும் முனியாண்டியும் ஊரிலிருந்து கூட வந்தார்கள், இவர் மட்டும் இங்கேயே பிறந்தவர். 1975 இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, 1992 இல் நிர்வாகத்தைக் கம்பனிகளுக்குக் கொடுத்தது. பெயர்ப்பலகை மாறியதே தவிர லயம் மாறவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, புகையேறிய சுவர். மேட்டில் ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய சில தனி வீடுகள் தெரிகின்றன. அதில் ஒன்று அத்தை மகனுக்குக் கிடைத்திருக்கிறது. அவன் கொழும்பில் வேலை. வீட்டைக் காப்பது அத்தையும் மாமாவும்.

அத்தை தங்கச்சியை இரண்டு கையாலும் பிடித்து முகத்தைத் தடவிப் பார்த்தாள். "அப்பன ஒரிச்சு வச்சிருக்கு" என்றாள். அதோடு அழுகை முடிந்தது, உடனே அடுப்பு. சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டே பேசினாள். அத்தை வருஷத்தைத் திகதியால் சொல்ல மாட்டாள். தேயிலைச் செடியை நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை இடுப்பளவுக்குக் கவ்வாத்து வெட்டுவார்கள். எந்த மலை எப்போது வெட்டினார்கள் என்பதுதான் அவளுடைய நாட்காட்டி. "ஒங்க சித்தப்பா போனது ஆத்தோர மலை கவ்வாத்து வெட்டின வருஷம். ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே சம்பளம் ஆனது அது மறுபடி வெட்டி முடிஞ்சு கொழுந்து எடுக்கையில." 1984 ஆம் வருஷத்து வேலைநிறுத்தத்தைச் சொல்கிறாள். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

நான் அந்த வருஷத்துச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். அத்தை துருவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கோழிய இந்தியாவுக்குக் கொண்டுபோக முடியுமா தம்பி? முட்டைய வித்துக் காசாக்குறவங்க, போறது முடிவானதும் கோழிய அடிக்க ஆரம்பிச்சாங்க. பசுவ விக்கிற வரைக்கும் பாலு ஒங்களுக்கு. தோட்டத்துல போட்ட கெழங்கு, பீன்ஸு எல்லாம் அடுத்தவனுக்கு எதுக்குன்னு பிடுங்கிப் பிடுங்கி ஆக்குனோம். கொண்டுபோக முடியாததத் தின்னு தீர்த்தோம். அதுதான் நீங்க சாப்பிட்டது."

தங்கச்சி பேசாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

மாசி மாதத்துக் காமன் கூத்தைப் பற்றிப் பேச்சு போனது. மூன்றாம் பிறை பார்த்துக் காமன் கம்பம் ஊன்றி, இராத்திரி இராத்திரியாகத் தப்படித்து நடக்கும் கூத்து. சிவன் நெற்றிக்கண்ணால் மதனை எரிக்க, ரதி தலைவிரித்து அழுவாள். சித்தப்பாதான் ரதி. விரதமிருந்து, மீசை எடுத்து, சித்தியின் கூறைச்சேலை கட்டி வருவார். அந்த வருஷம் ரதி அழுதபோது சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் அழுதார்கள். அப்பாயி எழுந்து போய்விட்டாள். கூத்து அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நாங்கள் நினைத்தோம். "கோத்தகிரியிலயும் அப்பா ஒரு வருஷம் காமன் ஊன்றிப் பாத்தாங்க. தப்புக்கு ஆள் கெடைச்சுச்சு. ஆனா மதன் வேஷம் கட்ட எவனும் வரல" என்றாள் தங்கச்சி.

ஓகஸ்ட் மாதமும் அப்படித்தான். தேர்தல் முடிந்து ஒரு மாதம் ஆகவில்லை, நாடு முழுக்கத் தமிழருக்கு எதிராகக் கலவரம். மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த என் தாய்மாமன் குடும்பம், லயத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள் என்று உடுத்த துணியோடு எங்கள் காம்பராவுக்கு வந்து சேர்ந்தது. பெரியவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் இரவெல்லாம் முழித்திருந்தார்கள். உள்ளே ஒரே பாயில் மாமன் பிள்ளைகளோடு நெருக்கிப் படுத்துக்கொண்டு நாங்கள் பேய்க் கதை சொன்னோம். அத்தனை பேர் ஒன்றாகப் படுத்த சந்தோஷம் பிறகு ஒரு நாளும் கிடைக்கவில்லை. மாமன் குடும்பம் மறுபடி மாத்தளைக்குப் போகவில்லை. கலவரத்துக்குத் தப்பிய பலரைப் போல வவுனியாவில் காடு வெட்டிக் குடியேறியது. அங்கே யுத்தம் வந்தது வேறு கதை.

தீபாவளி முடிந்து, சித்தப்பாவின் சேமலாப நிதி கைக்கு வந்தது. ராணி சந்தன சோப்பும் தேயிலைத் தூளும் கம்பளியும் பெட்டியில் ஏறின. தலைமன்னார் வரை கோச்சி, அங்கிருந்து ராமானுஜம் கப்பல், பிறகு மண்டபம் முகாம். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968 இல் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியிருந்தது. 1976 இல் அது டான்டீ என்ற கழகமானது. சித்தப்பாவுக்கு அங்கே வேலை கிடைத்தது. கடல் தாண்டிப் போயும் கையில் வந்தது கொழுந்துக் கூடைதான். முதல் கடிதத்தில், காலையில் இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' அங்கேயும் கேட்கிறது என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு ரேடியோவைப் போடும்போதெல்லாம் அம்மா சத்தத்தைக் கூட்டி வைப்பாள், அங்கே கேட்பதற்கு அது உதவும் என்பதுபோல.

நாடற்றவராக விடப்பட்ட அப்பாவுக்குப் பிரசாவுரிமை 1988 ஆம் வருஷச் சட்டத்தோடு வந்தது. அதற்குள் அவர் ஸ்டோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். ஏதோ ஒரு நாட்டுக்காரனாக ஒரு நாள்கூட வேலை செய்யாமலே உழைத்து முடித்துவிட்டார்.

சாப்பிட்டு முடிந்ததும் தங்கச்சி பெட்டியைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். கோத்தகிரித் தேயிலைத் தூள். மாமாவும் அப்பாவோடு ஸ்டோரில் வாழ்நாள் முழுக்க இருந்தவர். பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, விரலால் உருட்டி, வெளிச்சத்துக்குப் பிடித்து, முகர்ந்து பார்த்தார். எங்கள் பக்கத்துத் தூள் சுருண்டு முறுக்கி இருக்கும். இது கடுகு மாதிரி உருண்டை.

"ரோலர்ல சுருட்டல. பல்லுச் சக்கரத்துல வெட்டி உருட்டினது. வாசம் எங்க இருக்கும்?" என்றார்.

"எங்கூருத் தூளு நெறம் எறங்குறாப்ல ஒங்கூருத் தூளு எறங்காது மாமா" என்றாள் தங்கச்சி. இத்தனை வருஷம் கொழுந்து பறித்த கை அவளுடையது, விட்டுக்கொடுப்பாளா?

அத்தை இரண்டு தூளையும் தனித்தனிக் கேத்தலில் போட்டாள். மாமா முதலில் வெறும் சாயமாக உறிஞ்சி முகத்தைச் சுளித்தார். பிறகு பால் ஊற்றச் சொன்னார். குடித்தார். கோப்பையை அத்தையிடம் நீட்டினார்.

"பாலுக்கு இதுதான் சரி. ஊத்து."